மின்தடை நாள்

மாதம் ஒருமுறை
பேப்பரின் ஏழாம் பக்கத்தில் ஊர்ப்பெயர்களை அடுக்கி
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை என்று
மின்வாரியம் எனக்கு லீவு கொடுக்கிறது.
கூலி கொடுப்பதில்லை.

பாலிஷ் மோட்டார் நின்றுவிடும்.
செவ்வாய்ப்பேட்டைச் சந்தில்
பக்கத்துப் பட்டறை ஆள் இருமுவது கேட்கும்.
இந்துமதி தூங்கப் போவாள்.
நான் டவுன் பஸ் ஏறுவேன்,
காசில்லா டிக்கெட்டைச் சுருட்டி
வளையலுக்குள் செருகிக்கொண்டு.

சேர்வராயன் அடிவாரத்தில்
துருப்பிடித்த பலகை: காப்புக்காடு.
முதல்முறை படித்தபோது சிரித்துவிட்டேன்.
காப்பு, கொலுசு, அரைஞாண்
எதையும் எடைபோட்டே பழகிய கண்.
"உள்ளே வெள்ளி ஒண்ணும் இல்லம்மா,
உண்ணிதான் இருக்கு" என்றார் வாட்சர் பொன்னுரங்கம்.
வீட்டுக்கு வந்து எண்ணினேன், ஏழு.

அது ஆடி.
ஊரில் அம்மனுக்குக் காப்பு கட்டியிருந்தார்கள்.
இங்கே காற்று எதையும் கட்டவில்லை,
உசிலை, வெப்பாலை, என் பின்னல்,
ஒவ்வொன்றாய் அவிழ்த்துக்கொண்டே போனது.

புரட்டாசியில் பொன்னுரங்கம் சொன்னார்:
வடக்கே மலைநாட்டிலிருந்து ஒரு குருவி வரும்,
ஒன்பது நிறம், வால் இருக்கிறதா என்று சந்தேகம்,
விடியலில் கூப்பிடும், பொழுது சாய்கையில் கூப்பிடும்,
பேர் ஆறுமணிக்குருவி.
"ஒரு காலுக்கா, ஜோடிக்கா?" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
நாளைக்கு நானூறு மணி ஒட்டுகிறவளிடம்
மணி என்றால் வேறு என்ன?

ஐப்பசியில் நல்ல மழை.
நேற்றுவரை பாறையாக இருந்தது
இன்று ஓடையின் படுக்கை.
சிவப்புத் தண்ணீர் என் செருப்பில் ஒன்றை வாங்கிக்கொண்டது.
குடைக்குள் போன்:
"மழைன்னு வேலையை விட்டுட்டுப் போய்ட்டாங்க,
கரண்ட் வந்துடுச்சு, திருச்சி ஆர்டர் நிக்குது."
ஒற்றைச் செருப்போடு பஸ்ஸில் நின்றேன்.
அப்போது மணி பன்னிரண்டு.

கார்த்திகை நினைவில் இல்லை.

காப்புக்கட்டுக்கு முந்தின நாள்
சாலையோரம் எல்லாம் பூளை பறிக்கிற கைகள்,
ஸ்கூட்டர் கொக்கியில் ஆவாரை.
நானும் ஒரு கொத்து, பட்டறை நிலைக்கு.
குனிந்தபோது சருகு நகர்ந்தது.
பச்சை முதுகு, தோளில் நீலம்,
வாலடியில் யாரோ குங்குமக் கையைத் துடைத்த மாதிரி.
தத்தித் தத்தி, ஒரு புழு, மறுபடி தத்தி.
சத்தமே இல்லை.
மணி வைக்காத கொலுசு.

மாசியில் பரீட்சை என்று மின்தடையை ரத்து செய்தார்கள்.
பங்குனியிலும்.
ஒரு காடு முழுசாக இலை உதிர்த்ததை
நான் பார்க்கவில்லை.
அந்த இரண்டு மாதமும்
பற்றவைக்கிற தீக்கு முன்னால் இருந்தேன்.

சித்திரை.
தீத்தடுப்புக்காகக் கருக்கிய கோடு
மலையின் காலைச் சுற்றி, ஒரு காலில் மட்டும்.
நிழல் என்று இருந்தது பொன்னுரங்கத்தின் தொப்பி.
நாலரைக்குப் போன்:
டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது,
ஏழாகும், எட்டாகும், அவசரமில்லை.

முதல்முறையாக
எங்கேயும் போகவேண்டாத சாயங்காலம்.
சரிவுப் பாறை சட்டி போலச் சுட்டது.
துப்பட்டாவை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்தேன்.
ஏற்காடு பஸ் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து
மேலே மேலே சின்னதாகிக்கொண்டிருந்தது.

பிறகு, ஓடையின் அந்தப் பக்கம்,
விசிலை நடுவில் மடித்த மாதிரி
இரண்டு சுரம்.
பொன்னுரங்கம் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்:
"எட்டு நிமிஷம் முந்திடுச்சு."
இன்னொன்று பதில் சொன்னது.
அதற்கும் ஒன்று.
எண்ணக்கூடாது என்று இருந்தேன்,
விரல் எண்ணிவிட்டது.

கீழே சேலம் திட்டுத் திட்டாக எரியத் தொடங்கியது.
எங்கள் பக்கம் மட்டும் கறுப்பு.
பிறகு அதுவும்.
உடனே என் போன் அடித்தது,
குருவி நின்றது.

எடுப்பதற்குள்
இருட்டில் ஒரேயொரு தடவை,
இன்னும் தள்ளி.