தவளைக்குப் பச்சைக் கம்பி

டுலூத்தில் பிப்ரவரி. ஏரி கல்லாகிக் கிடக்கிறது.
நிலவறையில், ஒட்டுப்பலகை மேசைக்கு அடியில்
தலையை உள்ளே நுழைத்து மல்லாந்திருக்கிறாள் மார்லிஸ்.
பல்லிடுக்கில் பச்சைக் கம்பி.
சொட்டிய ஈயம்
ஸ்வெட்டர் கையில் விழுந்து உறைகிறது,
ஏற்கெனவே உறைந்த பதினொன்றுக்குப் பக்கத்தில்.

இரண்டு தண்டவாளம் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு
ரயில்காரர்கள் வைத்த பெயர் தவளை.
பாதையின் நாக்கை நகர்த்தும் மோட்டாருக்கு
ஆமை என்று பெயர், அத்தனை நிதானம்.
குளமில்லாத வீட்டில்
இத்தனை நீர்வாசிகள்.

பகலில் அவள் யார்டில்
தாதுவண்டிகளுக்கு நிஜப் பாதை திருப்புபவள்.
அங்கே தவளை ஒரு டன் எஃகு.
யார் கட்சியும் இல்லை. மிதித்தால் மிதிபடும்.
இங்கே அது
நேர்வழிக்கு ஒரு பக்கம், பிரிவழிக்கு மறுபக்கம் சேரவேண்டும்.
சேராதபோது சக்கரம் ஏறினால்
பொறி.
பழைய மின்மாற்றி பொறுத்துக்கொண்டது.
டிஜிட்டல் பொறுக்காது.
கண்ணிமைக்குமுன் கதவடைத்துவிடும்;
இருபத்தெட்டு அடி ஊரும் மூச்சு நிறுத்தும்,
பாலத்தின் நடுவே டுவெய்னின் டீசல் உட்பட.

டுவெய்ன் வியாழன்தோறும் வருவான்.
வக்கீல்கள் வீட்டைப் பிரித்தார்கள், படகைப் பிரித்தார்கள்,
நாய் மாதம் மாற்றி மாதம்.
இந்த மேசை மட்டும் மாடிப்படி ஏறாது,
அறுத்தாலொழிய.
ரம்பத்தை யாரும் எடுக்கவில்லை.

"இருபத்தேழு?" மேலிருந்து.
"இருபத்தேழு." கீழிருந்து.
வாரம் முழுக்க அவர்கள் பேசிக்கொள்வதில்
முக்கால்வாசி எண்கள்தான்.

ஆமை முனகுகிறது. நாக்கு நகர்கிறது.
வண்டி வருகிறது, வருகிறது,
பொறி. இருட்டு.

"கம்பிய மாத்திப் போட்டிருக்க."
"நான் போடல. இது உன் எழுத்து."
முனையில் ஒரு துண்டு டேப்.
டுவெய்ன் எழுதியது: இடது.

அவள் இடது கையைப் பார்க்கிறாள்.
கொஞ்ச நேரம் பார்க்கிறாள்.
"டுவெய்ன், இதை எழுதும்போது
நின்னுட்டிருந்தியா?"
பதில் வர நேரமாகிறது.
"நின்னுட்டுத்தான்."

சிவப்பு இருந்த இடத்தில் கறுப்பு.
கறுப்பு இருந்த இடத்தில் சிவப்பு.
பச்சையைத் தொடவேயில்லை.
குங்கிலியப் புகை மூக்கில் ஏறித் தும்மல்.

இப்போது வண்டி அவள் முகத்துக்கு மேலே போகிறது.
ரம்பம் பட்ட இரண்டு இடைவெளியிலும்
டிக், டிக், பிறகு அடுத்த பெட்டி.
பதினான்கு வரை எண்ணுகிறாள்.

டேப்பை உரித்துப் புதிதாய் ஒன்று ஒட்டுகிறாள்.
"இடது, மேசைக்கு மேலே நிற்பவருக்கு"
என்று எழுத அதில் இடமில்லை.
பேனாவை வாயில் வைத்தபடி யோசிக்கிறாள்.

"இருபத்தெட்டு?" என்கிறான் டுவெய்ன்.