எழுவாய்

நூலகத்தின் இரண்டாம் தளம். ஜெராக்ஸ் எந்திரத்துக்குப் பின்னால்
கதவில்லாத அறை. அதுதான் எழுத்து உதவி மையம்.
ஒருவருக்கு ஒருவர், நாற்பத்தைந்து நிமிடம், கட்டணம் இல்லை.

"கட்டணம் இல்லையென்றால் யாருடைய காசு?"
கேட்டுக்கொண்டேதான் உட்கார்ந்தார் கார்னெட் வாசிலியுக்.
ஐம்பத்தொரு வயது. முதலாமாண்டு.
இருபத்தாறு வருடம் பொட்டாஷ் சுரங்கத்தில்,
தரைக்கு ஒரு கிலோமீட்டர் கீழே.
எனக்கு இருபத்தொன்று. மணிக்குப் பதினேழு டாலர்.
தன் மகளைவிட நான் சின்னவளாம்,
அதையும் சொல்லிவிட்டார்.

பேனாவை நாங்கள் தொடக் கூடாது. விதி.
திருத்தித் தர மாட்டோம், கேட்போம்.
கை பரபரக்கும். அதனால்
தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொள்வேன்.

சாஸ்கடூனில் அன்றைக்கு மைனஸ் முப்பத்தொன்று.
கீழே வரிசையாகக் கார்கள்
மூக்கில் மின்வயரோடு நின்றன,
ஐசியூ நோயாளிகள் போல.

கட்டுரையை எழுதியவரே வாய்விட்டுப் படிக்க வேண்டும்.
படித்தார்.
இறங்கும் கூண்டின் சத்தம், உதட்டில் ஒட்டும் உப்பு,
பாறையின் நிறம் இளஞ்சிவப்பு
(பன்றித்தொடை இறைச்சியின் இளஞ்சிவப்பு, ரோஜாவினுடையது அல்ல
என்று எழுதியிருந்தார், எனக்குப் பிடித்தது).
மூன்றாம் பக்கத்தில் குரல் மாறியது.

*கன்வேயர் நிறுத்தப்பட்டது. பூட்டு போடப்படவில்லை.
கன்வேயர் மீண்டும் இயக்கப்பட்டது.
ஒரு கை இழக்கப்பட்டது.*

நான்கு வாக்கியம்.
பெல்ட் ஓடுகிறது, கை போகிறது,
அவ்வளவு நீளச் சுரங்கத்தில் ஆள் வாடையே இல்லை.

பயிற்சியில் சொல்லித்தந்த கேள்விதான்,
ஏதோ கமாவைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டுவிட்டேன்:
"இதற்கெல்லாம் எழுவாய் எது?"

தாளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.
"விபத்து அறிக்கை இப்படித்தான் இருக்கும்."
"அந்த அறிக்கையை யார் எழுதியது?"
"எழுதப்பட்டது."

சிரித்தோம் இரண்டு பேரும்,
வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

பிறகு அவர் பேசவில்லை.
மாணவர் மௌனமானால் பத்து வரை எண்ணச் சொல்லியிருக்கிறார்கள்.
நான் அறுபதைத் தாண்டினேன்.
ஜெராக்ஸ் எந்திரம் யாருடைய பாடத்தையோ
துப்பிக்கொண்டே இருந்தது.

சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்:
சிவப்புப் பூட்டு. ஆணியால் கீறிய ஜி.வா.
"ஆளுக்கு ஒன்று. சாவியும் ஒன்றுதான்.
யார் மாட்டுகிறானோ அவன்தான் கழற்றலாம்."
புதுசு போலிருந்தது. உரசிய தடம்கூட இல்லை.

அதற்குள் நேரம் முடிந்து
அடுத்தவள் வந்து நின்றாள், ஒலூச்சி,
வேதியியல் ஆய்வக அறிக்கையோடு. அவளும்
எல்லாவற்றையும் கலக்கப்பட்டது, சூடாக்கப்பட்டது என்றே எழுதியிருந்தாள்.
அங்கே அது சரி. அதை விளக்கவே
அரை மணி ஆனது.

இரவு என் மின்னஞ்சலைத் திறந்தேன்.
அக்கா கிரேட்டாவுக்கு, மூன்று வாரமாய் முடியாத கடிதம்.
"நடந்தவற்றுக்கு வருத்தம் தெரிவிக்கப்படுகிறது."
ரயில் தாமத அறிவிப்பு மாதிரி இருந்தது.
எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்க
எனக்கு யாரும் இல்லை. மூடிவிட்டேன்.

அடுத்த செவ்வாய் வந்தார். நேராக மூன்றாம் பக்கம்.

*பூட்டு என் பையில் இருந்தது.
இரண்டு நிமிட வேலைதானே என்று நான், போடவில்லை.
எமில் ஃபோன்டேனுக்கு வலது கை.
அவன் இடது கையால் எனக்கு இன்னும்
கிறிஸ்துமஸ் அட்டை எழுதுகிறான்.*

"நான்" என்பதற்குப் பின்னால் அந்தக் கமா கூடாது.
அதைப் பற்றிக் கேட்டிருக்கலாம். அது என் வேலை.
இரண்டு கையும் தொடைக்கடியில் மரத்துப்போயிருந்தன.
நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னேன்,
அதைச் சொல்லவும் விதியில் இடமில்லை.

எழுந்து, கோட்டை மாட்டி, படிவத்தை நிரப்பினார்.
*இன்று எதில் உதவி பெற்றீர்கள்?*
ஏழு கட்டங்கள். நிதானமாகப் படித்து
ஒன்றில் மட்டும் டிக் போட்டார்:
நிறுத்தற்குறிகள்.