ஐந்து பவுண்டு மாவு

வந்ததும் எல்லாரும் கேட்பது,
'மதில் எங்கே?'
மதில் கிடையாது.
நெப்ராஸ்காவில் கோட்டை என்றால்
புல்வெளி நடுவே ஒரு கொடிமரம்,
அதைச் சுற்றிப் பதினொரு கட்டடம்,
மற்றபடி காற்று.
ஏறிக் குதிக்க யாரும் வராத இடத்தில்
மதிலுக்கு எதற்குச் செலவு என்று
நினைத்திருப்பார்கள்.

வாரத்தில் ஐந்து நாள் நான் டயர்க் கடையில்.
சனிக்கிழமை மட்டும்
ஃபோர்ட் டன்னிங்கின் சார்ஜென்ட்.
கம்பளிச் சட்டை, ஒன்பது பித்தளைப் பொத்தான்,
ஜூலை வெயில்.
லாயம் காட்டுவேன். சமையல்கட்டு காட்டுவேன்.
மருத்துவமனைப் பேரேட்டில்
சண்டையில் செத்தவர்களைவிட
வயிற்றுப்போக்கில் செத்தவர்கள் அதிகம் என்பேன்.
சிரிப்பார்கள்.
சிரிக்கத்தான் சொல்வது.

ரோசெல் ஸ்வாலோ சிரிக்கவில்லை.
பைன் ரிட்ஜ்காரி. அவள் வண்டிக்கு
ஒருமுறை ஒட்டுப் போட்டிருக்கிறேன்.
இந்த உடுப்பில் என்னை அடையாளம் தெரியவில்லை,
அல்லது தெரிந்தது.
கையில் மளிகைப் பை.
காரில் விட்டால் வெண்ணெய் உருகிவிடுமாம்.

பண்டகசாலையில், கயிற்றுக்கு அப்பால்,
அவள் ஆட்களுக்கு ரேஷன் நிறுத்த தராசு.
'வேலை செய்யுமா?'
'செய்யும். மாதாமாதம் எண்ணெய் போடுகிறோம்.'
பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் கயிற்றைத் தாண்டவில்லை.
அதன் மேலாகக் கையை நீட்டி
ஒரு மாவுப் பொட்டலத்தைத்
தட்டில் வைத்தாள்.
கடை மாவு. காகிதத்தில் அச்சிட்டிருந்தது,
ஐந்து பவுண்டு.

முள் எழுந்தது. ஆடியது.
ஆறைத் தாண்டி
மயிரிழை போய் நின்றது.

தொடாதீர்கள் என்று சொல்வது என் வேலை.
வாய் திறந்தது. வேறு ஏதோ வந்தது.
'துரு. நூற்றைம்பது வருஷத்துத் துரு.'

'துரு முள்ளைப் பிடித்து இழுக்கும்' என்றாள்.
'குறைத்துக் காட்டும்.
கூட்டிக் கொடுக்காது.'
கால்நடைச் சந்தையில் எடை போடுகிறவளாம்.
குரல் உயரவே இல்லை,
ஒரு கிடாரியின் எடையை வாசிப்பதுபோல.

பின்னால் நின்ற அயோவாக் குடும்பம்
இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று
கைதட்டியது.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனாள்.
ஐந்து மணிக்குப் பீரங்கி வெடித்தோம்.
மருந்து உண்டு, குண்டு இல்லை.
குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.
புகை கலைந்தபோது
நெடுஞ்சாலையில் அவள் வண்டி இல்லை.

வில் தளர்ந்திருக்கலாம்.
தளர்ந்த வில் கூட்டித்தான் காட்டும்.
எப்போது தளர்ந்தது,
தானாகவா என்பதெல்லாம்
எந்தப் பேரேட்டிலும் இல்லை;
இருக்கும் பேரேடுகளில்
கொடுத்தது ஆறு, ஆறு, ஆறு
என்று அழகான கையெழுத்து.

பூட்டுமுன் திரும்பிப் போனேன்.
தட்டின் ஓரத்தில் கொஞ்சம் மாவு.
முள் சுழியில்தான் நின்றது.
காலையிலும் அங்கேதான் நின்றது,
பார்த்திருக்கிறேன்.

தொப்பியைக் கழற்றி
தட்டில் வைத்தேன்.
முள் ஒரு எண்ணைக் காட்டியது.
தொப்பியின் எடை எனக்குத் தெரியாது.
வீட்டில் தராசும் கிடையாது.