பதின்மூன்று

லிந்துலையில் மழை விட்டிருந்தது.
டர்பன்டைன் சருகின் நடு நரம்பில்
சட்டைப் பொத்தானில் பாதி.
நிறம்: செம்மஞ்சள் என்று எழுதி அடித்தேன்.
சிவப்பு. அதையும் அடித்தேன்.
பொழுது சாயும்போது லயத்துத் தகரத்தில்
ஒரு நிமிடம் நிற்குமே, அது.
படிவத்தில் அவ்வளவு எழுத இடமில்லை.

அளவுக்கு ஒரு தீக்குச்சி வைத்தேன்.
அந்தத் தண்டுக்குப் பக்கத்தில் குச்சி
வெட்டிச் சாய்த்த மரம் போலக் கிடந்தது.

தண்டு: கறுப்பு, தலைமயிர்த் தடிப்பு.
வளையம்: இல்லை.
மணம்: அட்டைக்குப் பூசிய சவர்க்காரம்,
அது என் காலிலிருந்து.
செவுள்: பதினொன்று.
மறுபடி எண்ணினால் பன்னிரண்டு.

விறகுக்கட்டோடு நின்றாள் யோகமலர்.
“திங்கலாமா?”
“தெரியாது.”
“அப்பறம் எதுக்கு சேர்
படுத்துக்கிட்டுப் பாக்குறீங்க?”
பதிலுக்கு நிற்கவில்லை. சுமை கனம்.

இரவு,
பாதி கறுப்பு பாதி வெள்ளைத் தாளில்
குடையைக் கவிழ்த்து
பிளேன்டீ கிளாசால் மூடினேன்.
விடிந்தபோது கறுப்பில்
வெண்தூளால் அரைச் சக்கரம்.
ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால்
வெள்ளையிலும் இருந்தது மிச்சம்.
பதின்மூன்று ஆரங்கள்.

இனி வித்தியைப் பார்க்க வேண்டும்.
பாடசாலை நுணுக்குக்காட்டியின் வில்லையில்
பூஞ்சணம் படர்ந்திருக்கிறது.
அது என்ன இனமென்றும் தெரியாது.

மராஸ்மியஸ் என்று எழுதி
பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.

மத்தியானத்துக்குள் சுருங்கி
மேசைத்தூசியோடு கிடந்த அதை
ஈரவிரலால் தொட்டேன்.
மழையென்று நம்பி
விரிந்தது.