குடியிருந்தவன்

பசை ஆறுவதற்குள்
ஓக் கொட்டைகளை வளையத்தில் அழுத்தினாள் தூலிக்கி.
இரண்டு கோணல்.
ரோவன் பழக்கொத்துக்குக் கம்பி போதாமல்
ஷூ லேஸ்.

தூர்க்கு நகரத்து இலையுதிர்காலம்
மூன்றாம் மாடிக் கதவில்
மூன்று நாள் தொங்கியது.

நான்காம் நாள்
மிதியடிமேல் வெள்ளைப் புழு ஒன்று,
சோற்றுப் பருக்கை போல,
ஆனால் நெளிந்தது.
மேலே கோணல் கொட்டையில்
பென்சில் முனையளவு ஓட்டை.

"நசுக்கிவிடு" என்றான் ஔலிஸ்
காபியிலிருந்து தலை தூக்காமல்.

வாடகை கொடுக்காமல் இருந்தவன்தான்.
தானாகவே காலி செய்கிறானே.

தேக்கரண்டியில் ஏந்தி
வீட்டுச் செருப்போடு இறங்கினாள்.
லிஃப்டில் எதிர்வீட்டு வைனோ
எட்டிப் பார்த்தார்:
"சர்க்கரையா?"

வெளியே மழை.
சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால்
கொஞ்சம்தான் மண்.
அது போதுமாயிருந்தது அவனுக்கு.

திரும்பி வந்தவள்
கொட்டையை மாற்றவில்லை.
நேராக்கவும் இல்லை.