இரண்டிலும் நான்கிலும்

மேல் வீட்டு ஆர்டெல் பெட்டிவேயின் பாட்டுகளை
எனக்கு இடுப்புக்குக் கீழேதான் தெரியும்.
பாடகியின் குரல், கிட்டார், டிரம்பெட்டின் பளபளப்பு எல்லாம்
அவள் கம்பளத்திலேயே தங்கிவிடும்.
பலகை, காரை, என் விளக்கு தொங்கும் கம்பி
எல்லாம் தாண்டி இறங்கி வருவது பேஸ் மட்டும்,
அதன் பின்னால் உதைக்கிற டிரம்.

நெவார்க். எண்பத்துமூன்று, பிப்ரவரி.
இரவெல்லாம் டிப்போவில் பேருந்து கழுவுகிறேன்.
இருக்கைக்கு அடியில் ஒற்றைக் கையுறை கிடைக்கும்,
கடித்துவிட்டுப்போன ரொட்டி,
ஒருமுறை ஒரு பல்செட்.
சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு நான் போர்வைக்குள் நுழைந்தால்
ஒன்பதரைக்கு அவள் ஊசியை இறக்குவாள்.

பெயர் தெரியாததால் நானே வைத்தேன்.
ஒன்று 'நொண்டிப் பாதிரி':
மூன்று எட்டை ஒழுங்காக வைத்து நாலாவதை இழுப்பார்.
இன்னொன்று 'சாவியை மறந்தவள்':
படியேறிப் படியேறி உச்சிக்குப் போய்
தடதடவென்று இறங்கிவிடுவாள்.
ஒன்றுக்கு மட்டும் பெயர் அமையவில்லை.
அது வந்தால் ரேடியேட்டர் மேல் வைத்த குவளையில்
காப்பி வட்டம் வட்டமாகச் சிலிர்க்கும்.

ஒருநாள் பொறுக்கவில்லை.
துடைப்பக்கட்டையை எடுத்து மேற்கூரையை இடித்தேன்.
கோபத்துக்குத் தாளம் கிடையாது என்றிருந்தேன்.
இடித்தது இரண்டில். மறுபடி நான்கில்.
கைதட்டல் விழுகிற அதே இடத்தில்.
மேலே ஒரு கணம் ஒன்றுமில்லை.
பிறகு அவள் குதிகால்: டொக்.
நான்: டொக்.
அவள் போட்டதும் தட்டு, நான் போட்டதும் தட்டு.
பதினொரு மணிவரை தூங்கவில்லை.
காரை உதிர்ந்து என் தலையணை
மாவு தூவிய பலகைபோல் ஆனது.

படிக்கட்டில் பார்த்தால் இருவரும் அதைப் பேசுவதில்லை.
"பனி நிற்கிற மாதிரி இல்லை, மிஸ்டர் கிரம்ப்."
"இல்லைதான், மிஸ் பெட்டிவே."
அவ்வளவு.
அவள் கையில் சதுரமான காகிதப் பை.
என் கையில் புதுத் துடைப்பம்,
பழையதன் நுனி பிளந்துவிட்டது.

மார்ச்சில், டெல்ராயின் முடிதிருத்தகத்தில்,
கழுத்தில் துணியும் காதருகே சவரக்கத்தியுமாக இருந்தேன்.
ரேடியோவில் ஒருத்தி அழாமல் அழுதுகொண்டிருந்தாள்.
அவன் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டானாம்,
கொக்கி மட்டும் சுவரில் இருக்கிறதாம்,
அதில் வேறெதையும் மாட்ட மனம் வரவில்லையாம்.
யாரோ பாவம் என்று கேட்டுக்கொண்டிருக்கையில்
நாற்காலிக்குக் கீழே என் கால்
என்னைக் கேட்காமல் ஆடத் தொடங்கியது.
"அசையாதே லியோட்டிஸ், காது போய்விடும்."

அதுதான். பெயர் இல்லாதது.
காப்பியைச் சிலிர்க்க வைப்பது.
சந்தோஷமான பாட்டு என்று நம்பி
எத்தனை பேருந்துகளை அந்தத் தாளத்துக்குத் தேய்த்திருக்கிறேன்!
அதன் முழு உடம்பையும் கேட்டுக்கொண்டா
அவள் மேலே குதித்தாள்?

அடுத்த சனிக்கிழமை அதை அவள் போட்டபோது
கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
துக்க வீட்டுக் கதவை எப்படி இடிப்பது?
இரண்டு வந்தது, போனது. நான்கும்.
பாட்டு பாதியில் நின்றது.
ஊசியைத் தூக்கும் ஓசை கீழே கேட்காது.
கேட்டது அவள் நடை, அறையின் நடுவரை.
நின்றாள்,
என் தலைக்கு நேர் மேலே.
பிறகு குழாய்த் துளை வழியாக, முதல்முறை, அவள் குரல்:
"மிஸ்டர் கிரம்ப், உடம்புக்கு ஏதாவதா?"
"இல்லை. வார்த்தைகளைக் கேட்டுவிட்டேன்" என்று கத்தினேன்.

ரேடியேட்டர் ஒருமுறை இருமியது.

"போய் ஆறு வருஷமாகிறது.
அந்தக் கொக்கியில் இப்போது என் குடை தொங்குகிறது.
கட்டையை எடுங்கள்."

மறுபடி முதலிலிருந்து.
குவளையில் காப்பி சிலிர்த்தது.
ஒன்றில் காத்திருந்தேன்.