திகதி

பிரிட்ஜுக்கு மேலிருந்து
கலண்டருக்குப் பின்னால்,
அங்கிருந்து தையல் மெசின் லாச்சிக்குள்.
பச்சை மூடி போட்ட சின்னப் போத்தல்
இருபத்தாறு நாளில் இந்த வீட்டை
என்னைவிட அதிகம் சுற்றிப் பார்த்துவிட்டது.

நிரோசா மிஸ் கொண்டுவந்து தந்தவ.
ஒன்று சுகிர்தமலருக்கு, ஒன்று எனக்கு.
"ஐம்பது தாண்டின எல்லாருக்கும் ஐயா.
ஊசியில்ல, நோவில்ல.
குச்சியால நாலு இடத்தில சுரண்டி
உள்ளுக்கு விட்டு மூடினாச் சரி."
எதைச் சுரண்ட என்று அவ சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
இரண்டு பேரும் முற்றத்து மாங்கன்றைப்
பார்த்துக்கொண்டு நின்றோம்.

சுகிர்தம் மூன்றாம் நாளே கொடுத்துவிட்டாள்.
ஒன்றுமில்லையாம் என்று மறுமொழியும் வந்தது.
என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை.
தூசி தட்டுகிற சாட்டில்
போத்தலை மட்டும் இடம் மாற்றி வைத்தாள்.

களுவாஞ்சிகுடிப் பள்ளிக்கூடத்தில்
ஆய்வுகூட உதவியாளன் நான், இருபத்தொன்பது வருசம்.
அழுகல் முட்டை மணக்கும் வாயுவை
மூக்குப் பொத்தாமல் பிடித்துக் காட்டியவன்.
பெயரும் திகதியும் ஒட்டாத குழாயைத்
தொட்டியில் ஊற்றியவன்,
பிள்ளை அழுதாலும்.

இந்தப் போத்தலில்
ஞா. கிருபைரெத்தினம், 57 என்று எழுதி
திகதியும் போட்டேன். வெட்டினேன்.
அடுத்த ஞாயிறைப் போட்டேன். வெட்டினேன்.
அதற்கடுத்த செவ்வாய், அதுவும்.

அருவருப்பு என்றுதான்
எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.
அது இல்லை.
தம்பி, மூலம் என்றான்.
உறைப்பைக் குறைத்தான், துத்தியிலை அவித்தான்,
சிவப்பைக் கண்ட நாளெல்லாம்
பீற்றூட் தின்றதாகச் சொன்னான்.
மகரகமைக்குப் போன இரவு பஸ்ஸில்
ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுத் தந்தான்.

கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையும்
இந்தத் தண்ணி கண்டுபிடிக்குமாம்.
கண்டுபிடித்தால்?

நேற்று மிஸ் கோல் எடுத்தா.
"ஐயா, இந்த ரோட்டில
உங்கட போத்தல் மட்டுந்தான் வரயில்ல."
டாப்பில் என் பெயர் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

இன்றைக்கு அரைநாள் லீவு.
காரணம் என்ற இடத்தில்
சொந்த அலுவல் என்று எழுதினேன்.
இதைவிடச் சொந்தமாய் என்ன அலுவல் இருக்கு.
விரிக்கப் பழைய பேப்பர் எடுத்தால்
மரண அறிவித்தல் பக்கம்.
மடித்து வைத்துவிட்டு
கிரிக்கெட் பக்கத்தோடு போனேன்.
மற்றதெல்லாம் இரண்டு நிமிசம்.
வந்து பார்த்தால் தேத்தண்ணி இன்னும் சூடு.

மகனின் பழைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து
சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போகையில்
சந்தையடியில் மாணிக்கப்போடி மறித்தார்.
"என்ன கா ரெத்தினம், சோறா?"
"ஓம்."
"என்ன கறி?"
மிதித்துவிட்டேன்.

கவுண்டரில் இருந்த பிள்ளை
எங்கட பள்ளிக்கூடத்தில் படித்தவள், இரண்டாம் வாங்கு.
லேபிளை வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.
நாலு திகதி, மூன்று வெட்டு.
"இதில சரியானது எது, சேர்?"
"கடைசி."
தொட்டியில் ஊற்றிவிடுவாளோ என்று நின்றேன்.
புதுத் துண்டொன்றில் எழுதி
மேலால் ஒட்டினாள்.
"மறுகா கோல் எடுப்பம்."

வீட்டில் பெட்டியை நீட்டினேன்.
சுகிர்தம் எறியவுமில்லை,
அலுமாரியில் வைக்கவுமில்லை.
கொதிதண்ணி ஊற்றிக் கழுவி
வேலிக்கட்டையில் கவிழ்த்தாள்.

மறுமொழி வரப் பத்து நாளாம்.
காற்று வரும்போதெல்லாம்
பெட்டி கட்டையில் தட்டுகிறது.